எழுதப் படிக்கத் தெரிந்த கதிர்வீச்சு

அத்தியாயம் ஆறு

ஆடி மாதத்தில் நெல்லியாளத்தில் மழை பெய்தால் யாரும் வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. மழை நின்றால்தான் என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் வருவார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு மழை நின்றிருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் முப்பத்தெட்டு வீட்டு லயத்தின் முன்னால் அத்தனை ஜனமும் கூடியிருந்தது. ஆனால் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய பாலுவின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று அட்டைகள் வரிசையில் ஏறிக்கொண்டிருந்தன.

"மேடம், கீழ எறங்கி ஒரு நிமிசம் ஆகலைங்க. அதுக்குள்ள மூணு பேரு வந்து வரவேற்பு குடுக்கறாங்க."

"ரத்ததானம் நல்லது பாலு. முடிஞ்சதும் வா," என்றார் ரேகா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

குன்னூரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ரேகா அதற்கு முன் பதினைந்து வருடம் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். தேர்வில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது தாவரவியலைவிடச் சுவையாக இருக்கவே வேலையை விட்டுவிட்டார். பாலு அவரிடம் டிரைவராகச் சேர்ந்தவன். நாற்பத்தொரு வயது. ஆறே மாதத்தில் தன்னைத் தானே உதவியாளராகப் பதவி உயர்த்திக்கொண்டான். அதற்கான உத்தரவு இன்னும் வரவில்லை.

அவர்களை வரவழைத்தவள் விஜயா. அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். லயத்துக்கு வாய் என்று ஒன்று இருந்தால் அது அவளுடைய வாய். நனைந்து போன ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்கம்மா. இன்னைக்கு மூணு மணிக்கு லாரி வருது. நாங்க எல்லாரும் சாமான ஏத்திக்கிட்டு மேல பழைய ஸ்டோருக்குப் போயிடணுமாம்."

நோட்டீஸில் எஸ்டேட் மேனேஜர் ரமேஷ்குமார் கையெழுத்திட்டிருந்தார். லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் இருக்கும் சில்வர் ஓக் மரங்களில் கதிர்வீச்சு காணப்படுவதால், குடும்பங்கள் தற்காலிகமாக அப்புறப்படுத்தப்படுகின்றன.

"தற்காலிகம்னு போட்டிருக்கே," என்றான் பாலு, ஆறுதலாக.

"எங்க சனத்தச் சிலோன்லேர்ந்து கப்பல் ஏத்தி இங்க எறக்குனப்பவும் அதத்தாங்க சொன்னாங்க. அம்பது வருசமாச்சு. இன்னும் தற்காலிகமாத்தான் இருக்கோம்."

பாலு ஆறுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் முகாம் போட வந்தார்கள். கையோடு ஒரு கதிர்வீச்சு அளக்கும் கருவியையும் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் சும்மா இருக்கும் நேரத்தில் ஒருவன் அதைச் சரிவிலுள்ள மரத்தில் வைத்தான். அது டிக் டிக் டிக் என்று அலறியது. சாப்பிட்டு முடிப்பதற்குள் வீடியோ எடுத்தாயிற்று. பந்தலூர் தாண்டி, கூடலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் வரைக்கும் அந்த வீடியோ போய்விட்டது. பஸ்ஸே அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

"மரத்துல விசம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் விஜயா. "எங்களுக்கு ஊடு தங்கணும். அவ்வளவுதான்."

கருவி அவள் மகள் வனிதாவின் தோளில் தொங்கியது. வனிதா பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் வருடம். அந்த முகாமில் அவளும் இருந்தாள். மழையில் நனையாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி பேராசிரியர் அவளிடம் விட்டுப் போயிருந்தார். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. சும்மா பிடித்தால் எப்போதாவது ஒரு 'டிக்'. உலகத்தில் எந்த மூலையிலும் அந்த அளவு இருக்கும் என்றாள்.

"சரிவுக்குப் போலாம்," என்றார் ரேகா.

சரிவு செங்குத்தாக இருந்தது. சில்வர் ஓக் மரங்கள் மலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. அங்கிருந்து கீழே பார்த்தால் லயத்தின் தகரக் கூரைகள்.

ரேகா மரத்தைத் தொடவே இல்லை. குனிந்து ஒரு கைப்பிடி உதிர்ந்த இலையை அள்ளினார். அதன்மேல் கருவியை வைக்கச் சொன்னார். டிக். நீண்ட மௌனம். டிக்.

இலைக்கு அடியில் இருந்த கறுப்பு மண். அதுவும் அதே சோம்பேறித்தனம்.

ஒரு காளான். காளானும் வாய் திறக்கவில்லை.

"பாலு, மேல ஏறி ஒரு கொழுந்து பறிச்சுட்டு வா."

"தேயிலைலங்களா?"

"சில்வர் ஓக்ல."

பாலு அண்ணாந்து பார்த்தான். மரத்தின் நுனி மேகத்துக்குள் இருந்தது. "மேடம், என்ற சம்பளம் தரையில நிக்கறதுக்குத்தானுங்க."

ஆனால் ஏறினான். பாதி மரம் ஏறியபோது நான்காவது அட்டை ஒன்று அவனுக்கு முன்பே அங்கே காத்திருந்தது. கொழுந்தோடு இறங்கி, சறுக்கி, உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்தான். கருவி கொழுந்தைப் பார்த்தும் கொட்டாவி விட்டது.

"இப்பக் கேளுங்க," என்றார் ரேகா. "அணு உலை எங்கயாவது வெடிச்சுச் சீசியம் காத்துல வந்துச்சுன்னு வைங்க. மழையோட காட்டுல எறங்கும். மொதல்ல எலையிலயும் பட்டையிலயும் ஒட்டும். கொஞ்ச நாள்ல மழை கழுவிரும், எலை உதிர்ந்துரும், எல்லாம் தரைக்கு வந்துரும். வந்தா ஆழமா எறங்காது. மேல் மண்ணுலயே சில விரக்கடைக்குள்ள உட்கார்ந்துக்கும்."

"உட்கார்ந்துட்டாச் சரிதானுங்களே."

"வேர் விடாது பாலு. சீசியத்தப் பார்த்தா வேருக்குப் பொட்டாஷ் மாதிரி தெரியும். ரெண்டும் ஒரே குடும்பச் சாயல். உரம்னு நெனச்சு உறிஞ்சி மேல அனுப்பும். எங்க வளர்ச்சி நடக்குதோ அங்கதான் போகும். கொழுந்துக்குப் போகும், உள்பட்டைக்குப் போகும், கட்டைக்குள்ளயும் கொஞ்சம் கொஞ்சமா நொழையும். மறுபடி எலை உதிரும். மக்கும். காளான் உறிஞ்சும். திரும்ப வேர். பாதி கரையவே முப்பது வருஷம் ஆகும்."

"அதாவது ஆபீசுல குடுத்த மனு மாதிரிங்க," என்றான் பாலு. "மேசைக்கு மேசை சுத்தும். ஆபீச விட்டு மட்டும் வெளிய வராது."

"அதேதான். ஒரு மேசையில இருந்தா எல்லா மேசையிலயும் அதோட தடம் இருக்கணும். இங்க எலையில இல்ல, மண்ணுல இல்ல, காளான்ல இல்ல, கொழுந்துல இல்ல. இப்ப மரத்துல வைங்க."

வனிதா கருவியைப் பக்கத்து மரத்தின் பட்டையில், மார்பு உயரத்தில் வைத்தாள்.

டிக்டிக்டிக்டிக்டிக்!

பாலு இரண்டடி பின்னால் குதித்தான். அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டில் '3' என்று எழுதியிருந்தது. மரம் வெட்டும் கான்ட்ராக்டர் போட்ட நம்பர். அடுத்த மாதம் சரிவிலுள்ள முப்பத்தொரு மரங்களை வெட்டப் போகிறார்களாம். வனிதா அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

ரேகா கருவியை ஒரு சாண் மேலே நகர்த்தினார். மௌனம். மரத்தின் பின்பக்கம். மௌனம். அதே மரத்துக்கு அருகில் நம்பர் போடாத ஒரு மரம், மூன்றாம் நம்பரோடு வேர் பின்னிக்கொண்டு நின்றது. அதிலும் மௌனம். நான்காம் நம்பர்: டிக்டிக்டிக். நம்பர் இல்லாதது: மௌனம். ஐந்து: டிக்டிக்டிக்.

பாலு ஒரு மரத்தையும் அடுத்த மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மேடம். இந்தக் கதிர்வீச்சுக்கு எழுதப் படிக்கத் தெரியுமுங்க."

"பரவாயில்லையே. சம்பளம் ஏத்தலாம் போல."

"யாரு செஞ்சதுன்னும் சொல்லட்டுங்களா? நம்பர் போட்டவந்தான் விசத்தையும் போட்டிருக்கான். அந்தக் கான்ட்ராக்டர்!"

"ஏனுங்க, என்னையவா சொல்றீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மேட்டுப்பாளையம் கான்ட்ராக்டர் நாச்சிமுத்து, குடையும் வெள்ளை வேட்டியுமாக நின்றிருந்தார். அந்தச் சரிவில் வெள்ளை வேட்டியோடு நிற்பதே ஒரு சாகசம். மரத்தைப் பார்க்க வந்தவர், தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு நின்றுவிட்டார்.

"நம்பர் போட்டது என்ற ஆளுகதானுங்க. இல்லைங்கல. ஆனா என்ற மரத்துல நானே விசத்தத் தடவி, அத நானே எங்கீங்க கொண்டுபோயி விக்கறது? எனக்கென்ன கிறுக்குங்களா?"

பாலு யோசித்துப் பார்த்தான். அதில் நியாயம் இருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"சந்தேகப் பட்டியல்லேர்ந்து தற்காலிகமா எடுத்துட்டோமுங்க," என்றான்.

அவர்கள் நம்பர் வரிசையில் நடந்தார்கள். பதிமூன்று: டிக்டிக்டிக். பாலு கருவியை வாங்கிக்கொண்டு முன்னால் போய்ப் பதினான்காம் நம்பர் மரத்தில் வைத்தான்.

டிக்.

மௌனம்.

அவன் கருவியைத் தட்டினான். நம்பரின்மேல் தேய்த்துப் பார்த்தான். '14' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மேடம், பதினாலு மட்டும் படிக்கத் தெரியலீங்க!"

"ஐயோ, அண்ணா, செருப்பு!" என்று வனிதா கத்தினாள்.

பாலு குதித்து விலகினான். மரத்தின் மறுபக்கம் வேரில் சாய்த்து வைத்த ஒரு கல் இருந்தது. குங்குமம், காய்ந்த மாலை, துருப்பிடித்த ஒரு கவ்வாத்துக் கத்தி.

"கவ்வாத்துச் சாமிண்ணா. தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டி மட்டம் பண்றதுக்கு முன்னால, கத்தி கையில படக் கூடாதுன்னு இங்க பொங்க வச்சுக் கும்பிடுவோம். மத்த நாள்ல குளிக்காம இந்த மரத்துக்கிட்டக்கூட யாரும் வர மாட்டோம்."

"என்ற ஆளுகளுக்கு இது தெரியாதுங்க," என்றார் நாச்சிமுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "வெளியூருப் பசங்க. நம்பரப் போட்டுட்டு வந்துட்டானுக."

ரேகா மரத்தைப் பார்க்கவில்லை. வனிதாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துக்குப் பத்தடி முன்பே அவள் தன் செருப்பைக் கழற்றி விட்டிருந்தாள். அட்டை நிறைந்த அந்தச் சரிவில், தன்னையும் அறியாமல்.

"நாச்சிமுத்து சார், கீழ போய் ஒரு டீ குடிங்க. மூணு மணிக்கு உங்களுக்கு நல்ல சேதி சொல்றேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குடை மறைந்ததும் ரேகா பதிமூன்றாம் நம்பர் மரத்துக்குத் திரும்பிப் போனார். கையில் உறை மாட்டிக்கொண்டு பெயின்டின்மேல் விரல் நுனியால் லேசாகச் சுரண்டினார். பெயின்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு. அதில் வெள்ளைச் சாம்பல். பிறகு சாதாரணமாக, கடையில் விலை கேட்பதுபோல், கேட்டார்.

"பசை அரிசிக் கஞ்சியா, மைதாவா?"

"மைதா," என்றாள் வனிதா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

பாலு தன் கையிலிருந்த கருவியை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"நம்பர் போட்ட மரத்த மட்டும் தொட்டது யாரு? அந்த மரம் வெட்டப்படக் கூடாதுன்னு நெனக்கற ஆள்," என்றார் ரேகா. "நம்பர் இருந்தும் சாமி மரத்தத் தொடாதது யாரு? இந்த லயத்து ஆள். கருவி எதுக்குக் கத்தும்னு தெரிஞ்ச லயத்து ஆள் எத்தன பேரு? பெட்ரோமாக்ஸ் வெளக்குல எரியற வலை இருக்கே, மேன்டில், பழசுல தோரியம்னு கதிர்வீச்சுச் சரக்கு இருக்கும். கருவி வேலை செய்யுதான்னு காட்ட இயற்பியல் லேப்ல வருஷா வருஷம் அதத்தான் வச்சுக் காட்டுவாங்க. கோயில் திருவிழாவுக்கு வாங்கிப் போட்ட மேன்டில்தானே?"

"எல்.ஈ.டி. வந்தப்புறம் ஒரு பெட்டி சும்மா கெடந்துச்சு மேடம்." வனிதாவின் குரல் இறங்கியது. "போன வருசம் பக்கத்து எஸ்டேட்ல சரிவுல மரத்த வெட்டுனாங்க. ஆடி மழையில மண்ணு அப்படியே சரிஞ்சு மூணு ஊடு மூடிருச்சு. நல்ல வேளை, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. இங்க வெட்டுனா அடுத்தது நாங்கதான். மனு குடுத்தோம். மேசைக்கு மேசை..."

"சுத்துது," என்றான் பாலு, மெதுவாக.

"கதிர்வீச்சுன்னா மரத்தத் தொடப் பயப்படுவாங்கன்னு நெனச்சேன். மரத்த விட்டுட்டு மனுசங்களத் தூக்குவாங்கன்னு நெனக்கல."

"அதான் நீ இன்னும் இயற்பியலே படிக்கற, மனுஷங்களப் படிக்கல," என்றார் ரேகா. "சாம்பல மூச்சுல இழுத்தியா? அதுதான் ஆபத்து."

"ஈரமாக் கொழச்சுத்தான் பூசுனேன். மூக்குல துணி கட்டியிருந்தேன்."

"அப்பப் பொழச்ச. ஆமா, இயற்பியல் படிக்கற பொண்ணு சாமி மரத்த மட்டும் ஏன் விட்ட?"

"இயற்பியல் பரீட்சைக்குத்தானே மேடம்."

பாலு நிலைமையை மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். உண்மையைச் சொல்லாவிட்டால் மூன்று மணிக்கு லயம் காலி. உண்மையைச் சொன்னால் அடுத்த மாதம் மரம் காலி, அப்புறம் சரிவு, அப்புறம் லயம் நிரந்தரமாகக் காலி. இந்தப் பெண்ணுக்குக் கேஸ் வேறு.

"மேடம், நாம பேசாம அட்டைக் கடியில மயக்கம் போட்டு விழுந்துறலாமுங்களா?"

"உண்மையச் சொல்லப் போறோம்," என்றார் ரேகா. "முழுசா. பேரு மட்டும் தவிர."

மூன்று மணிக்கு லாரி வந்தது. அதற்கு முன்னால் மேனேஜர் ரமேஷ்குமாரின் ஜீப். மழைக்கோட்டுக்குள்ளிருந்து அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எல்லாரும் ரெடியா? சீக்கிரம், சீக்கிரம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ரேகா அவரைச் சரிவின் அடிக்கு அழைத்துப் போனார். லயமே பின்னால் வந்தது. நாச்சிமுத்துவும் டீ கிளாஸோடு வந்தார். ரேகா இலை, மண், காளான், கொழுந்து என்று ஒவ்வொன்றிலும் கருவியை வைத்துக் காட்டினார். காலையில் சொன்ன கதையை இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார். பிறகு ஏழாம் நம்பரில் வைத்தார். கருவி அலறியது. விஜயா நீட்டிய ஈரத் துணியால் அந்த நம்பரை அழுத்தித் துடைத்தார். மறுபடி வைத்தார்.

டிக்.

துணியின்மேல் வைத்தார். டிக்டிக்டிக்டிக்!

"மரத்த விட்டுத் துணிக்குக் குடிபோயிருச்சு," என்றார். "மரத்துக்குள்ள ஊறுன கதிர்வீச்சத் துணியால தொடைக்க முடியாது சார். இது வெளிய பூசுன வெளக்கு மேன்டில் சாம்பல். மரம் சுத்தம். மண்ணு சுத்தம். லயம் சுத்தம்."

"யார் பூசினது?"

"அது என் வேலையில்ல. உங்க நோட்டீஸ்ல 'மரங்களில் கதிர்வீச்சு காணப்படுவதால்'னு இருக்கு. காணப்படல."

மேனேஜர் தயங்கினார். பாலு உடனே தன் போனை உயர்த்திப் பிடித்தான்.

"சார், லைவ் போயிட்டிருக்குங்க. அறுநூறு பேரு பாக்கறாங்க. ஒரு அம்மா 'கையெழுத்துப் போடுங்க சார்'னு எழுதியிருக்காங்க."

அந்தப் பள்ளத்தாக்கில் அன்று காலையிலிருந்தே போன் சிக்னல் இல்லை. மேனேஜருக்கு அது நினைவு வருவதற்குள் 'ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். லயத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

"அப்ப மரம் சுத்தமுங்க!" என்று நாச்சிமுத்து முகம் மலர்ந்தார். "அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு? நாளைக்கே ஆளுகளக் கூட்டியாந்தரட்டுங்களா?"

விசில் நின்றது. வனிதா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பாலு தன் முதலாளியைப் பார்த்தான். ரேகா சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைத் தேர்வு அறையில் பார்த்த மாணவர்கள் பலர் படிப்பையே மாற்றிக்கொண்டதுண்டு.

"தாராளமா வெட்டுங்க சார். நானே சான்றிதழ் தர்றேன். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சீட்டு. 'இந்தக் கட்டையில் கதிர்வீச்சு இல்லை.' முத்திரையோட."

"ரொம்ப சந்தோசமுங்க," என்று ஆரம்பித்த நாச்சிமுத்து, பாதியில் நின்றார். உதடுகள் அசைந்தன. அந்த வாசகத்தைக் கட்டையில் ஒட்டிப் பார்க்கிறார் என்று பாலுவுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க... கட்டையில ஒட்டோணுமுங்களா?"

"வேணாம்னா வேணாம். சீட்டு இல்லாமக் கொண்டுபோங்க."

"சீட்டு இல்லாமப் போனா, 'வீடியோவுல வந்த நெல்லியாளத்து மரமாச்சே, சீட்டு எங்கீங்க?'ம்பான் மில்லுக்காரன்." டீ கிளாஸைத் தரையில் வைத்தார். "சீட்டோட போனா, 'மத்த லோடுக்கெல்லாம் இல்லாத சீட்டு இதுக்கு மட்டும் எதுக்குங்க?'ம்பான். நான் என்னன்னுங்க சொல்றது?"

"உண்மையச் சொல்லுங்க."

"உண்மையச் சொன்னா நம்பவா போறான்? இதுல கட்டில் செஞ்சா எவன் படுப்பான்? கல்யாணச் சீர்ல பீரோ குடுத்தா, சம்பந்தி ஊட்டுக்காரங்க மொதல்ல பீரோவுக்குப் பக்கத்துல மருமகள நிக்க வெச்சுப் பாப்பாங்க." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், எனக்கு இந்த மரம் வேண்டாமுங்க. கழுவிக் குடுத்தாலும் வேண்டாமுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

"வேற ஆளும் அந்த வீடியோவப் பாத்திருப்பாங்களே," என்றார் ரேகா, மிகுந்த வருத்தத்தோடு.

மேனேஜரின் தலை மழைக்கோட்டுக்குள் திரும்பிப் போயிற்று. ஜீப் போயிற்று. லாரி டிரைவர், வந்ததற்கு யாராவது டீயாவது கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

"மேடம், சீசியம் பாதி கரைய முப்பது வருசம்னீங்க," என்றான் பாலு. "வதந்தி பாதி கரைய எத்தனைங்க?"

"இந்த மரங்கள் கிழடாகற வரைக்கும் தாங்கும்னு நெனக்கறேன்." ரேகா வனிதாவை அருகில் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப உனக்குத் தண்டனை. மத்த மரத்தையெல்லாம் நீயே தொடைக்கணும். ஈரத் துணி, கையுறை, மூக்குக்குத் துணி. தொடச்சதப் பையில கட்டி உன் புரொஃபசர்கிட்ட நீயே கொண்டுபோய்க் குடுத்து நடந்ததச் சொல்லணும். அம்மாவுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அப்போது விஜயா ஒரு வாளியோடு வந்தாள். வாளிக்குள் பழைய புடவைத் துணிகள், ஒரே அளவாகக் கிழித்து, சலவைக்காரர் மடிப்பதுபோல் மடித்து அடுக்கியிருந்தன. மேலே மருந்தடிக்கும்போது போடும் கையுறைகள் இரண்டு ஜோடி.

பாலு எண்ணினான். எண்ணுவது அவன் பழக்கம். துப்பு என்று நினைத்து எண்ணவில்லை. இருபத்தொன்பது.

"அக்கா, ஏழாம் நம்பர்தான் ஏற்கெனவே தொடச்சாச்சே. அதுக்கும் சேத்து முப்பது கிழிச்சீங்களா?"

"ஆமா தம்பி. மேடத்துக்கிட்டக் குடுத்தது இதுல ஒண்ணுதான்."

"மரம் முப்பத்தொண்ணாச்சேங்க."

"சாமி மரத்துல அவ கை வைக்க மாட்டா," என்றாள் விஜயா. மகளின் கையில் ஒரு ஜோடி உறையை மாட்டிவிட்டாள்.

ரேகா நிமிர்ந்து பார்த்தார். "இதெல்லாம் எப்பக் கிழிச்சீங்க விஜயா?"

"நேத்து ராத்திரி. கோயில் பெட்டிய மூணு நாளைக்கு முன்னாலயே தெறந்து பாத்துட்டேம்மா. மைதா டப்பாவும் காலியாயிருந்துச்சு. ஊட்டுல பரோட்டா போட்ட மாதிரியும் தெரியல." அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. "பெத்தவளே போயி 'எம் மக பண்ணது'ன்னு மேனேஜர் தொரைகிட்டச் சொல்ல முடியுமா? நான் 'மரத்துல ஒண்ணுமில்ல'ன்னா அவரு நம்புவாரா? படிச்சவங்க வெளியூருலேர்ந்து வந்து சொல்லணும். அதான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

வனிதா அம்மாவைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் துணியை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பரை நோக்கி ஓடினாள். விஜயா மீதித் துணியை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து ஆரம்பிக்க, நிதானமாகச் சரிவில் ஏறினாள்.

ரேகா ஜீப்பை நோக்கி நடந்தார். பாலு பின்னாலேயே வந்தான்.

"மேடம், கேஸ் நோட்டுல 'குற்றவாளியைக் கண்டுபிடித்தவர்'னு ஒரு கட்டம் இருக்குங்களே. அதுல யாரு பேர எழுதட்டுங்க?"

"வண்டிய எடு பாலு."

"காலியா விட்டா நல்லாருக்காதுங்க."

"வண்டிய எடுன்னு சொன்னேன்."

பாலு ஜீப்பில் ஏறினான். டாஷ்போர்டிலிருந்த நோட்டைத் திறந்து, அந்தக் கட்டத்தில், மிகத் தெளிவான கையெழுத்தில், 'விஜயா, கொழுந்து பறிப்பவர்' என்று எழுதினான். அதற்குக் கீழே, 'உதவி: ரேகா' என்று எழுதிவிட்டு ஜீப்பைக் கிளப்பினான்.